செடியோடு போன பூச்சி

2009 கடைசியில், உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து பட்டு விவசாயி ஒருவர் எங்கள் நாற்றுப்பண்ணைக்கு வந்தார். கையில் ஒரு மல்பெரிக் கொப்பு. நுனி சுருண்டு, கணுவெல்லாம் வெள்ளை மாவு. "ஏனுங்க தம்பி, வாசல்ல வைக்க உங்ககிட்ட நாலு செம்பருத்தி வாங்கிட்டுப் போனனில்லீங்களா, அதுல இருந்துதானுங்க தோட்டத்துக்கு எறங்கிருக்குது" என்றார். கோபமே இல்லை. மருந்தடித்தால் அந்த இலையைத் தின்கிற பட்டுப்புழு செத்துப்போகும். அடிக்காவிட்டால் இலையே மிஞ்சாது. அதைச் சொல்லிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. இந்தியாவில் முதன்முதலாக 2008-இல் எங்கள் கோவையில்தான் கண்டார்கள். அவர் தோட்டத்துக்குக் காற்றில்கூடப் போயிருக்கலாம். ஆனாலும் அன்று சாயங்காலம் செம்பருத்தி வரிசையில் உட்கார்ந்து இலை இலையாகத் திருப்பினேன். மேலே பளபளவென்று பச்சை. அடியில் நரம்போரமாக வெள்ளைப் பொட்டுகள். விற்பனைக்கு நின்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான் இருந்தது. மறுநாள் முதல் செம்பருத்தி விற்பதை நிறுத்தினேன்.

அடுத்து நான் செய்தது தவறு. வாராவாரம் மருந்தடித்தேன். மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. மருந்து அதில் ஒட்டாமல் உருண்டுவிடும். பஞ்சு போன்ற முட்டைப் பைக்குள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள், மருந்து படாமல் பத்திரமாக இருக்கும். செத்ததெல்லாம் பொறிவண்டும் சிலந்தியும்தான். பத்து நாளில் பழையபடி வெள்ளை.

கண்ணைத் திறந்தவை எறும்புகள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகிறது. எறும்புச் சாரி ஏறுகிற செடியில் இலையைத் திருப்பினால் அநேகமாக அங்கே மாவுப்பூச்சி இருக்கும். சாரியைப் பின்னோக்கித் தொடர்ந்தபோது வேலியோரத் துத்தியிலும் பார்த்தீனியத்திலும் அதே வெள்ளை. உள்ளே அடித்துக்கொண்டிருந்தேன், வெளியே அது வளர்ந்துகொண்டிருந்தது. களையைப் பிடுங்கி எரித்தோம். முற்றிய கொப்புகளை வெட்டி, சாக்கில் கட்டி, அதையும் எரித்தோம். வெட்டியதைக் குப்பைமேட்டில் வீசினால் வெட்டாததற்குச் சமம்.

2010-இல் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தார்கள். கடுகை விடச் சிறியது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், புழு உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கும். தமிழ்நாடு முழுக்க அதைப் பரப்பினார்கள். எனக்குக் குளவி ஏறிய கொப்பு ஒன்று கிடைத்தது. தாய்ச் செடிகளுக்கு நடுவில் கட்டிவிட்டு மருந்துத் தெளிப்பானை மூலையில் வைத்தேன். அந்தச் சும்மா இருத்தல்தான் கடினமாக இருந்தது. முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு மாவுக்கு நடுவே உப்பிப்போன பழுப்புக் கூடுகள், ஒவ்வொன்றிலும் ஊசித்துளை. குளவி வெளியேறிய வழி அது. நாலைந்து மாதத்தில் செம்பருத்தி தெளிந்தது. அந்தப் பட்டு விவசாயிக்கு ஆள் அனுப்பி, கூடுகள் நிறைந்த கொப்புகளைக் கொடுத்துவிட்டேன்.

அதிலிருந்து பண்ணையில் ஒரு வழக்கம். வெளியூரிலிருந்து எந்தச் செடி இறங்கினாலும் மூன்று வாரம் தனிக் கொட்டகை. தொட்டியில் வந்த தேதியைச் சுண்ணாம்பால் எழுதிவிடுவோம். வரும்போது கண்ணுக்குத் தெரியாத முட்டை இருந்தாலும் அதற்குள் பொரித்து வெளியே வந்துவிடும். அந்தக் கொட்டகைக்குத் தனிக் கத்தரி, தனி வாளி. அங்கே வேலை பார்த்த கையோடு மற்ற வரிசைக்குப் போவதில்லை. ஆரம்பத்தில் தென்பட்டால் லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனைய அடிப்போம். முதலில் இரண்டு செடியில் அடித்துப் பார்ப்பது நல்லது, சில இளந்தளிர் கருகிவிடும்.

நோய் பற்றியும் ஒரு வார்த்தை. குழித்தட்டில் நாற்று தண்டடி நைந்து சாய்ந்தால் பலரும் பூசணமருந்தைத்தான் தேடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது தண்ணீரை. சாயங்காலம் ஊற்றிய ஈரம் இரவு முழுக்க நின்றால் நாற்றழுகல் வராமல் என்ன செய்யும்? காலையில் ஊற்றுகிறோம், தட்டுகளைத் தரையில் வைக்காமல் கம்பி மேடையில் ஏற்றுகிறோம், விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலக்கிறோம். ரசாயனப் பூசணமருந்தை அதோடு சேர்த்தால் இந்த நல்ல பூசணமும் செத்துவிடும்.

இப்போதும் ஒரு செடியை வண்டியில் ஏற்றும் முன்பு இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். வாங்குகிறவரையும் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், நாலாவது செடி வரை பார்த்துவிட்டுத்தான் பணம் வாங்குகிறேன்.