இரண்டு பக்கமும் பார்த்து வரை



நீ அனுப்பிய, தழை தின்னும் டைனோசரான பிளேட்டியோசாரஸின் மண்டையோட்டுப் படம் வந்தது. பற்கள் அபாரம். இலை வடிவம், விளிம்பில் நுனி நோக்கிச் சாய்ந்த முரட்டு ரம்ப வெட்டு, எதையும் நீ விடவில்லை. இப்படியொரு பல்வரிசையை இங்கே வேறு யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பல்வரிசைக்கு இப்படி ஒரு தாடையா? தாடை மூட்டைப் பற்களின் மட்டத்திலேயே வைத்துவிட்டாய். அது இறைச்சி தின்னிகளின் அமைப்பு. கத்தரிக்கோல்போலப் பின்னாலிருந்து முன்னாக மூடும். பிளேட்டியோசாரஸின் மூட்டு பல்வரிசைக்கு நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். அதனால் வாய் மூடும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் நெருங்கும். தழையைக் கொத்தாகப் பிடித்து இழுக்க அதுதான் தோது. அரைத்து மெல்லும் வேலையே கிடையாது. ஆறேழு மீட்டர் உடம்புக்கு ஒரு முழம்கூட வராத தலை. அதன் பிழைப்பே அந்த மூட்டில்தான் இருக்கிறது.

அடுத்தது கண்குழி. முட்டையைச் சாய்த்து வைத்ததுபோல் போட்டிருக்கிறாய். ஏதோ ஒரு மண்டையோட்டின் வலப்பக்கப் புகைப்படத்தை மட்டும் பார்த்து வரைந்திருக்கிறாய், அவ்வளவுதானே? 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் சேற்றுக்கல்லுக்குள் கிடந்த எலும்பு நசுங்காமலா இருக்கும்? ஜெர்மனியின் ட்ரொசிங்கனில் 1921 முதல் 1923 வரை தொல்லுயிர் ஆய்வாளர் ஃபான் ஹூனே தோண்டியெடுத்தவற்றுக்கும் இதே கதிதான். சுவிட்சர்லாந்தின் ஃபிரிக்கில் கிடைத்த பிளேட்டியோசாரஸ் மண்டையோடுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. 2021-இல் அவற்றை ஆராய்ந்தவர்கள், வேற்றுமையில் பெரும்பங்கு பாறை நெரித்ததால் வந்தது, இனம் ஒன்றுதான் என்று எழுதினார்கள். நீ எலும்பை விட்டுவிட்டுப் பாறையின் அழுத்தத்தை வரைந்திருக்கிறாய்.

எனக்கு வரையச் சொல்லிக்கொடுத்தவர் இடப்பக்கத்தை ட்ரேசிங் தாளில் எடுத்து, திருப்பி, வலப்பக்கத்தின்மேல் வைக்கச் சொல்வார். கோடுகள் எங்கே விலகுகின்றனவோ அங்கேதான் பென்சிலுக்கு வேலை. கம்ப்யூட்டரில் செய்தாலும் முறை இதுதான். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு என்னை அழைத்துப்போனவரும் அவரே. அங்கே கோதாவரிப் படுகையில் கிடைத்த பாராபாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு நிற்கிறது. 1975-இல் பெயர் சூட்டப்பட்டது. உடம்பெலும்பு ஏராளம், தலையில் தேறியது சில பற்கள்தாம். அவர் அதன் கழுத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட வர மறுத்துவிட்டார். உனக்கோ முழு மண்டையோடுகளே இத்தனை கிடைக்கின்றன, நீ ஒரு பக்கத்தோடு திருப்திப்பட்டுவிட்டாய்.

பற்களில் கைவைக்காதே. தாடையை அழித்துவிட்டு மறுபடி போடு. இடப்பக்கப் படமும் வேண்டும், இரண்டையும் ஒரே அளவில் அனுப்பு.