தராசு சொல்லாத எடை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்

சூளகிரிப் பக்கம் புளி விற்பவர்களுக்குத் தெரியும்: கொட்டைப்புளியும் கொட்டை நீக்கிய புளியும் தராசில் ஒரே கிலோ காட்டினாலும் விலை ஒன்றாகாது. மனித உடலை நிறுக்கும்போதும் இவ்வேறுபாட்டை மறக்கலாகாது என்பதை மயக்கவியல் பற்றிப் படித்தபோது அறிந்தேன்.

படிக்க நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தாயாருக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை என்று முடிவானபோது அவர் கத்திக்கு அஞ்சவில்லை. மயக்க ஊசிக்கே அஞ்சினார். "தூங்க வச்சவங்க திரும்ப எழுப்பிடுவாங்களா, கண்ணு?" என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்தியே ஆதலால் கேள்வி என்னிடம் வந்தது. அவர் நன்றாகவே எழுந்து, இன்று தோட்ட வேலைக்கும் போகிறார். கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

தயோபென்டோன் என்பது 1934இல் மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்ட மயக்க மருந்து. இரத்தக் குழாயில் செலுத்திய அரை நிமிடத்தில் உறக்கம். ஐந்து, பத்து நிமிடங்களில் விழிப்பு. மருந்து அழிந்துபோவதால் விழிப்பு வருகிறது என்று எண்ணத் தோன்றும். அதுவன்று. இரத்தம் மிகுதியாகப் பாயும் மூளையை முதலில் அடைந்த மருந்து, பின்னர்த் தசைகளுக்குப் பெயர்ந்துவிடுகிறது. கொழுப்பில் இம்மருந்து நன்கு கரையும். ஆனால் கொழுப்புத் திசுவுக்குப் பாயும் இரத்தம் குறைவு, ஆதலால் அது நிறைய மணிக்கணக்காகும். எனவே முதல் ஊசியின் அளவைக் கொழுப்பு அவ்வளவாகத் தீர்மானிப்பதில்லை. கொழுப்பு நீங்கிய எடையும் இதயம் இறைக்கும் இரத்தமுமே தீர்மானிக்கின்றன. அறுவை நீண்டு மருந்தும் தொடர்ந்து செலுத்தப்பட்டாலோ, கொழுப்பு தான் சேர்த்து வைத்ததைச் சிறுகச் சிறுகத் திருப்பித் தரும், விழிப்பு தாமதமாகும்.

இன்று பெரிதும் பயன்படும் புரோபோஃபாலுக்கும் இதே நியாயம்தான். 120 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் தராசை நம்பிக் கொடுத்தால் 240 மில்லிகிராம். அவரது கொழுப்பு நீங்கிய எடை 70 கிலோ எனில் 140 போதும். மிகுதியானால் இரத்த அழுத்தம் சரியும்; மூச்சும் அடங்கும். பருமனானவர்களுக்குத் தசைத் தளர்த்திகளில் ரோகுரோனியத்தை உயரத்துக்கு ஏற்ற எடைக்கும், சக்சினில்கோலினை முழு எடைக்கும் கணக்கிடுவர். ஒரே நோயாளி, ஒரே மேசை, மூன்று மருந்துக்கு மூன்று எடை! நம் கணிதப் பேராசிரியர் ஒப்புக்கொள்வாரா தெரியவில்லை.

பருமனானவர்களின் கவலைதானே இது என்று நாம் ஒதுங்க முடியாது. 2004இல் 'லான்செட்' இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் தம் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை எண் இருவருக்கும் 22.3தான். உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2! ஒல்லியாகத் தோன்றும் இந்தியர் பலருக்குத் தசை குறைவு, கொழுப்பு மிகுதி. சர்க்கரை நோயைக் கருதி எழுதப்பட்டதே அக்கட்டுரை என்றாலும், மயக்க மருந்துக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

அட்டவணையில் உள்ள அளவு ஒரு தொடக்கமே. வயது, இதய நலம் ஆகியவற்றையும் முன்கூட்டியே கேட்டறிந்து, மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, பேச்சு நிற்கிறதா, இமையைத் தொட்டால் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார் மயக்கவியல் மருத்துவர்.