லிப் ஃபில்லர்: விலை கேட்கும் முன் கேட்க வேண்டியது

உதட்டில் ஃபில்லர் போட்டுக்கொள்ள வருகிறவர்கள் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். எவ்வளவு ஆகும்? எத்தனை மாதம் நிற்கும்? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் முதலில் கேட்க வேண்டியது வேறு: “ஏதாவது தப்பாப் போனா கரைக்கிற மருந்து இந்த ரூம்லயே இருக்கா டாக்டர்?” இதற்கு “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா” என்று பதில் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இன்று உதட்டுக்கு நாங்கள் பெரும்பாலும் போடுவது ஹயலூரானிக் அமில ஜெல். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே இருக்கிற பொருள்தான். சீக்கிரம் கரைந்துவிடாமல் இருக்கச் சற்றே கெட்டிப்படுத்தியிருப்பார்கள். பிடிக்கவில்லை என்றாலும், ஆபத்து என்றாலும், ஹயலூரானிடேஸ் என்ற மருந்தைச் செலுத்தி அதைக் கரைத்துவிடலாம். சிலிகான் போன்ற நிரந்தர ஃபில்லர்களுக்கு இந்த வழி கிடையாது. “ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும்” என்று யாராவது சொன்னால், தப்பாகப் போனாலும் அது ஆயுசுக்கும் இருக்கும் என்று பொருள்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை உங்கள் விரலாலேயே தெரிந்துகொள்ளலாம். பல்லைக் கடித்தால் தாடையில் ஒரு தசை புடைக்கும். அதற்குச் சற்று முன்னால், தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரலை வைத்தால் மெல்லிய துடிப்பு தெரியும். அதுதான் முகத்தமனி. அது மேலேறி வரும்போது வாய்க்கோணத்துக்கு அருகே மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் கிளைகள் பிரிகின்றன. கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, உதட்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். உள்பக்கத்தில் துடிப்பு தட்டுப்படும். பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தமனி உதட்டுத் தசைக்குப் பின்னால், ஈரமான உள்சவ்வின் பக்கமாக ஓடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு என்றுதான் சொல்கிறேன், எல்லோருக்கும் அல்ல. சிலருக்குத் தசைக்குள்ளேயே ஓடும், வெகு சிலருக்குத் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடும். ஒரே முகத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுபடுவதும் உண்டு.

ஜெல் இந்தத் தமனிக்குள் போனால், அந்தத் தமனி ரத்தம் ஊட்டுகிற தோல் பட்டினி கிடக்கும். கவனிக்காமல் விட்டால் அந்த இடம் அழுகி வடுவாகும். மிக அரிதாக, ஜெல் எதிர்த்திசையில் தள்ளப்பட்டுக் கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துப் பார்வையே போயிருக்கிறது.

ஆகவே ஊசி போடுபவரின் கையைப் பாருங்கள். தெரிந்த கை அவசரப்படாது. ஊசி உதட்டின் சிவந்த, உலர்ந்த பகுதியில், மேலாகவே நிற்கும். ஆழமாக உள்ளே போய் உள்சவ்வுப் பக்கத்தைத் தொடாது. சிரிஞ்சின் தண்டை ஒரே அழுத்தாக அழுத்தாமல், ஊசியைப் பின்னோக்கி இழுத்தபடியே சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஓர் இடத்தில் 0.1 எம்.எல்.லுக்கும் குறைவாக விட்டு, நிறுத்தி, நிறத்தைப் பார்த்து, அடுத்த இடத்துக்குப் போவார்கள். வாய்க்கோணத்தை நெருங்கும்போது இன்னும் நிதானம் வரும். எதிர்பார்த்ததைவிட அழுத்தம் அதிகம் தேவைப்பட்டால் ஊசியை வெளியே எடுத்துவிடுவார்கள். முழு உதட்டையும் ஐந்து நிமிடத்தில் முடித்துக்காட்டும் வீடியோக்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

ஊசியை நுழைத்ததும் தண்டைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது பலருடைய பழக்கம். பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் மெல்லிய ஊசியில் கெட்டியான ஜெல் நிறைந்திருக்கும்போது, முனை தமனிக்குள்ளேயே இருந்தாலும் ரத்தம் திரும்பி வராமல் போகலாம். ரத்தம் வரவில்லை என்பதை மட்டும் நம்பி வேகமாகத் தள்ளுவது கூடாது.

ஊசியா, முனை மழுங்கிய கேன்யூலாவா? அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 370 பேரிடம் விவரம் திரட்டி 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், ஊசியால் போட்டபோது 6,410 சிரிஞ்சுக்கு ஒன்று என்றும், கேன்யூலாவால் போட்டபோது 40,882 சிரிஞ்சுக்கு ஒன்று என்றும் ரத்தக்குழாய் அடைப்பு பதிவாகியிருக்கிறது. அடைப்பு ஏற்பட்டவர்களிலும் பெரும்பாலானோருக்கு நிரந்தரப் பாதிப்பு இல்லை. கேன்யூலா பக்கம் தராசு சாய்கிறது, ஆனால் 22 அல்லது 25 கேஜ் அளவில் இருந்தால்தான். அதைவிட மெல்லிசான கேன்யூலா ஊசியைப் போலவே குத்தும். உதட்டின் ஓரக்கோட்டைத் துல்லியமாக எடுப்பதற்கு ஊசிதான் வசதி என்பதால் இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

“ஊசியே இல்லாம போடுறோம்” என்று சில பார்லர்களில் ஒரு பேனாவைக் காட்டுவார்கள். அழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் பாய்ச்சும் கருவி அது. எவ்வளவு ஆழம் போகும் என்பது போடுகிறவர் கட்டுப்பாட்டில் இல்லை. இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2021 அக்டோபரில் எச்சரித்தது. ஆன்லைனில் வாங்கிக் கண்ணாடி முன் நின்று தாங்களே போட்டுக்கொள்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

அடைப்பு வந்தால் எப்படித் தெரியும்? பாடப் புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை: பளிச்சென்ற வெளுப்பு, பிறகு மீன்வலை விரித்தாற்போல் நீலம். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்த வெளுப்பு கண்ணுக்குச் சட்டென்று படாது. சாம்பல் பூத்த மாதிரி மங்கலாகத்தான் தெரியும். அதனால் உதட்டைப் புரட்டி உள்சவ்வையும் ஈறையும் பார்க்க வேண்டும். விரலால் சில விநாடி அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு, மூன்று விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தயங்கித் தயங்கித் திரும்பினால் சந்தேகம். பக்கத்து இடத்தையும் அழுத்தி ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். மேலுதட்டில் போட்டிருந்தால் மூக்கு நுனியையும் பார்க்க வேண்டும். வலி இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம், ஜெல்லிலேயே மரத்துப்போகும் மருந்து கலந்திருக்கும். மரக்கடிக்கப் போடும் ஊசியில் அட்ரினலின் இருந்தால் அதுவும் இடத்தை வெளுக்க வைத்துக் குழப்பும். அட்ரினலின் இல்லாததைக் கேட்டு வாங்கலாம்.

அடைப்பு என்று பட்டால் ஜெல் செலுத்துவதை அங்கேயே நிறுத்தி, ஹயலூரானிடேஸைத் தாராளமாகச் செலுத்தி, மசாஜ் செய்து, வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்க வேண்டும். உதட்டுக்கு ஒரு சுற்றுக்கு 500 யூனிட் அளவில், நிறம் திரும்பும்வரை மணிக்கொருமுறை கொடுப்பது பலரும் பின்பற்றும் முறை. நம் ஊரில் கண் அறுவை சிகிச்சைக்கு மரக்கடிக்கும்போது சேர்ப்பதும் இதே மருந்துதான். 1,500 யூனிட் பாட்டிலில் கிடைக்கிறது. ஃபில்லர் விலைக்கு முன் இதன் விலை ஒன்றுமே இல்லை. நாலைந்து பாட்டில் வாங்கி வைக்காத கிளினிக்குக்கு மன்னிப்பே கிடையாது. தேனீ, குளவி கொட்டி உடம்பெல்லாம் வீங்கிய அனுபவம் உங்களுக்கு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த விஷத்திலும் இதே வகை நொதி இருக்கிறது, ஒவ்வாமை வரலாம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடலாம். உதட்டில் அடிக்கடி அக்கி மாதிரி கொப்புளம் வருகிறவர்களுக்கு முன்னதாகவே மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். பல் சுத்தம் செய்வது, வேர் சிகிச்சை போன்றவற்றை இரண்டு வாரம் முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் நீலம் கட்டுமே என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேளுங்கள். கல்யாணத்துக்கு என்றால் குறைந்தது ஒரு மாதம் முன்பு. முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கையில் வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன், அம்மாவும் பெண்ணும் சேர்ந்து கோபித்துக்கொண்டாலும்.

இன்னொன்று: மேலுதடு கறுப்பாக இருக்கிறது என்று ஃபில்லர் கேட்டு வருகிறார்கள். ஃபில்லர் பருமனைக் கூட்டும், நிறத்தை மாற்றாது. நம்மில் பலருக்கு உதடு இயல்பாகவே நிறைவானது. முதல் தடவைக்கு அரை எம்.எல். போதும், வேண்டுமானால் ஒரு மாதம் கழித்துச் சேர்க்கலாம். ஒரேயடியாக ஏற்றினால் ஜெல் ஓரக்கோட்டைத் தாண்டி மேலே ஒதுங்கி, மீசை அரும்பின இடத்தில் மேடாகத் தெரியும்.

மருத்துவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் சரிபாருங்கள். பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். இறக்குமதி உரிம எண்ணும் காலாவதித் தேதியும் அதில் இருக்க வேண்டும். உள்ளே தொகுப்பு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும், ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். “மீதியை ஃபிரிட்ஜில் வைக்கிறேன், அடுத்த தடவை போட்டுக்கலாம்” என்றால் சம்மதிக்காதீர்கள். திறந்த சிரிஞ்ச் அன்றோடு சரி.

அன்றிரவு உதடு வீங்கும், அங்கங்கே நீலம் கட்டும். மறுநாள் காலையில் வீக்கம் கூடித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸ் போதும். ஆனால் வலி ஏறிக்கொண்டே போனாலோ, ஒரு பகுதி மட்டும் சாம்பல் நிறமாகிச் சில்லிட்டாலோ, அடுத்த சில நாட்களில் சிறு சிறு சீழ்க்கொப்புளம் கிளம்பினாலோ ஐஸை எடுத்துவிட்டு உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பார்வை மங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கண் மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டர் போனை எடுக்கவில்லையா? விடியட்டும் என்று காத்திருக்காமல், பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், எத்தனை மணிக்குப் போட்டது என்பதைச் சொல்லி, அந்த ஸ்டிக்கரைக் காட்டுங்கள்.