நெல் மூட்டைக்குக் காவலாகப் பூனை

திருச்சி மன்னார்புரத்தில் வீடும் வெளியே வயலும் வைத்திருப்பவரா நீங்கள்? நெல் மூட்டைக்குக் காவலாகப் பூனை வளர்த்தால், எலி பிடிக்கட்டும் என்று அதைப் பட்டினி போடாதீர்கள். பசித்த பூனை அயல்வீடு தேடிப் போய்விடும். வயிறு நிறைந்தாலும் வேட்டைக்குணம் குறையாது. பிடித்த எலியைச் சில பூனைகள் உங்கள் காலடியில் கொண்டுவந்து போடும். அதற்காக அடிக்க வேண்டாம்.

இங்கிலாந்துப் பண்ணைகள் பற்றி 1953-இல் சார்லஸ் எல்டன் வெளியிட்ட ஆய்வின்படி, எலியை ஒழித்த இடத்தில் அவை மறுபடி குடியேறாமல் பூனைகள் காத்தன. பெருகிவிட்ட எலிகளை அவற்றால் ஒழிக்க இயலவில்லை. ஆகவே முதலில் கிட்டி வையுங்கள்.

புரோமாடியலோன் வைப்பதில்தான் ஆபத்து. அதைத் தின்ற எலி சாகச் சில நாட்களாகும். தள்ளாடும் எலியைப் பூனை எளிதில் பிடித்துத் தின்னும். பின் இரத்தம் உறையாமல் மடியும். பூனை சோர்ந்து, ஈறு வெளுத்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம்.