தாளாளர் காதுக்குப் போகும் பேச்சு

கேள்வி: ஜமாஅத் நடத்தும் மெட்ரிக் பள்ளியில் இந்த ஜூனில் முதல்வராகச் சேர்ந்தேன். தீனியாத் (மார்க்கப் பாடம்) எடுக்கும் உஸ்தாதுகள் ஒரு பக்கம், பாட ஆசிரியைகள் ஒரு பக்கம். மீட்டிங்கில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் நான் பேசியது மாலைக்குள் தாளாளர் காதுக்குப் போய்விடுகிறது. இவர்கள் என்னை நம்ப என்ன செய்வது?
– ஒரு முதல்வர், சிதம்பரம்

பதில்: மீட்டிங்கை இப்போதைக்கு விடுங்கள்; டைம்டேபிளை எடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் வகுப்பைப் பார்த்துக்கொள்வது எப்போதும் அதே ஆசிரியைகள்தானா? ரமலானில் கடைசி பீரியட் முஸ்லிம் அல்லாதவர் தலையில்தான் விழுகிறதா? இன்னொரு பக்கம், 1862 முதல் நடக்கும் லால்பேட்டை மன்பவுல் அன்வார் போன்ற மதரஸாவில் பல வருடம் ஓதி ஸனது (பட்டம்) வாங்கிய ஆலிமை, பி.எட். இல்லை என்று ஓரமாக உட்காரவைக்கிறார்களா? பிளவு அங்கேதான் தொடங்கியிருக்கும். சம்பளம் நிர்வாகக் குழுவின் கையில். டைம்டேபிள் உங்கள் கையில்தானே?

சிகாகோ பள்ளிகளை 1990-களில் ஆராய்ந்த அந்தோணி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் 2002-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஆசிரியர்களிடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டுக்கு ஒன்று கணக்கிலும் வாசிப்பிலும் முன்னேறியது. நம்பிக்கை இல்லாத இடத்தில் ஏழுக்கு ஒன்றுதான். மரியாதை, வேலைத்திறமை, அக்கறை, சொன்னபடி நடப்பது என்று நான்கை அவர்கள் குறிப்பிடுகிறார்கள். நான்குமே அன்றாட வேலையில் தெரிபவை.

உஸ்தாதுகளிடம் உஹத் போரைப் பற்றிப் பேசலாம். கி.பி. 625-இல், மதீனாவுக்குள் இருந்தே எதிரியைச் சந்திக்கலாம் என்று நபிகள் நினைத்தார்கள். வெளியே போய்ப் போரிட வேண்டும் என்று இளைஞர்கள் நின்றார்கள். நபிகள் அதற்கு இசைந்தார்கள். பெரும் இழப்பு. அதன் பின்னணியில் வந்த குர்ஆன் வசனமோ (3:159) தோழர்களை மன்னித்து, அவர்களோடு கலந்து ஆலோசிக்கச் சொல்கிறது! தோல்விக்குப் பிறகும் மஷூரா (கலந்தாலோசனை) நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் ஆசிரியை சொன்ன யோசனை சொதப்பிவிட்டால், “அனுமதி கொடுத்தது நான்தான்” என்று தாளாளரிடம் நீங்களே சொல்லுங்கள். அடுத்த மீட்டிங்கில் யாராவது வாய் திறப்பார்கள்.

கோள் சொல்வது யார் என்று மட்டும் துப்பறியாதீர்கள். மிச்சமிருக்கும் நம்பிக்கையும் போய்விடும். மீட்டிங் முடிந்த கையோடு தாளாளரிடம் நீங்களே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். யார் புகாரோடு வந்தாலும் “முதல்வரிடம் பேசினீர்களா?” என்று அவர் முதலில் கேட்க வேண்டும். இந்த உறுதியை அவரிடம் வெளிப்படையாகவே கேட்டு வாங்குங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் மற்றதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கும்.