கெட்ட கனவு கண்டால்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அலுவலகத்தைத் திறந்தபோது ஒரு சகோதரி வாசலில் காத்திருந்தார். தம்மாமில் வேலை பார்க்கும் மகனைக் கஃபனிட்டுத் தூக்கிப் போவதாக மூன்று இரவுகள் கனவு கண்டாராம். பக்கத்து வீட்டில் சொன்னார். அவர்கள் ஓதிப் பார்க்கும் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் "செய்வினை" என்று சொல்லி 11,000 ரூபாய் கேட்டிருக்கிறார். அதைக் கடனாகக் கேட்டுத்தான் வந்திருந்தார்.

பணம் தரவில்லை. உட்கார வைத்துப் பேசினேன். இதே கவலையோடு வேறு வீடுகளிலும் தாய்மார்கள் இருப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

கனவு மூன்று வகை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி ஒன்று. கவலைப்படுத்த ஷைத்தான் காட்டுவது ஒன்று. மனிதன் தன் மனதோடு பேசிக்கொண்டிருப்பது கனவாக வருவது மூன்றாவது. பயந்து விழித்தால் இடப்பக்கம் மூன்று முறை எச்சில் தெறிக்காமல் லேசாகத் துப்ப வேண்டும், அஊது ஓதி அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேட வேண்டும், திரும்பிப் படுக்க வேண்டும், அல்லது எழுந்து தொழ வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது. அப்படிச் செய்தால் அந்தக் கனவு தீங்கு செய்யாது என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. அதை அபூகதாதா (ரலி) அவர்களிடம் கேட்டு அறிவித்த அபூசலமா, கனவு கண்டே நோயில் விழுகிறவராக இருந்தவர். ஆகவே கனவில் பயந்தால் ஈமான் குறைவு என்று யாரையும் ஏசாதீர்கள்.

தன் தலை வெட்டப்பட்டு உருண்டோட, தான் அதைத் துரத்திப் போவதாகக் கனவு கண்ட கிராமவாசி ஒருவர் நபியவர்களிடம் வந்தார். நபியவர்கள் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. ஷைத்தானின் விளையாட்டை மக்களிடம் சொல்லித் திரிய வேண்டாம் என்று தடுத்தார்கள். நம் தெருவில் அந்தக் கனவுக்கு எத்தனை பேர் பலன் சொல்லியிருப்பார்கள்!

உடம்பும் காரணமாகலாம். காய்ச்சல், தூக்கக் குறைவு, துக்கம், புரோப்ரனலால் போன்ற சில மாத்திரைகள் கெட்ட கனவைக் கொண்டு வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். சிறு பிள்ளை தூங்கிய ஓரிரு மணி நேரத்தில் அலறி எழுந்து, நம்மை அடையாளம் தெரியாமல் விழித்தால் பேய் என்று சொல்லாதீர்கள். பிடித்து உலுக்கவும் வேண்டாம். விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் தானே அடங்கித் தூங்கும். காலையில் அதற்கு நினைவிருக்காது.

"சொல்லக் கூடாது என்றால் டாக்டரிடமும் சொல்லக் கூடாதா?" என்று அந்தச் சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. ஊரில் பரப்புவதும், பலன் கேட்டு அலைவதும் வேறு, வைத்தியம் தேடுவது வேறு என்பதே என் கருத்து. ஒரே கனவு வாரக்கணக்கில் வந்து, படுக்கவே பயமாகிவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்தக் கனவின் முடிவைப் பகலில் நல்லபடியாக மாற்றி எழுதி, தினமும் சிறிது நேரம் மனதில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சியை அங்கே சொல்லித் தருவதுண்டு. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். படுக்கும்போது குல்ஹுவல்லாஹு, ஃபலக், நாஸ் மூன்றையும் ஓதி உள்ளங்கையில் ஊதி உடம்பில் தடவும் சுன்னத்தையும் விட வேண்டாம்.

பேசிப் பேசித்தான் விஷயம் வெளியே வந்தது. மகனுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. தாய் அதை யாரிடமும் சொல்லாமல் மனதிலேயே வைத்திருந்தார். மூன்றாவது வகைக் கனவு என்று நான் நினைத்தது அதனால்தான். அன்று அஸருக்கு முன்பே மகனிடம் பேசி விவரம் வாங்கி, வெளியுறவுத் துறையின் மதத் இணையதளத்தில் புகார் பதிவு செய்தோம். பதிவு எண்ணை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன்.