உட்கார்ந்ததா, பாருங்கள்

கோலா கிளாவாங் பக்கம் யாராவது "தோட்டத்துல ஹம்மிங் பேர்ட் பார்த்தேன்" என்றால், "எங்க உட்கார்ந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்பேன். நிறம், அளவு எல்லாம் பிறகு. ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. அது அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். நம்மிடம் இருப்பது தேன்சிட்டு. மலாய்க்காரர்கள் கெலிச்சாப் என்பார்கள். அதுவும் ஓரிரு நொடி படபடத்து நிற்கும், ஆனால் உடனே காம்பைப் பற்றித் தொங்கிவிடும். உட்காரவே செய்யாமல், நீளக் குழலை நீட்டிப் பூப்பூவாக உறிஞ்சிப் போனால் அது பறவையே இல்லை, அந்துப்பூச்சி.

தேன்சிட்டுக்காகச் செம்பனை வரிசைக்குள் போய் நிற்காதீர்கள். பழைய லயத்து வேலியில் செம்பருத்தி இருந்தால் அங்கேயே நில்லுங்கள். காலை ஏழரைக்கு மேல், வெயில் ஏறுமுன் வரும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் ஆணின் கருநீல மினுமினுப்பு வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.

பறவை வராத நேரத்தில் வேலியடியில் உதிர்ந்த பூவை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பச்சைக் கிண்ணத்தை ஒட்டி, ஊசி கீறியதுபோல் ஒரு கிழிசல் இருக்கும். செம்பருத்தியின் வாய்வழியே போனால் அலகு எட்டாது. அதனால் பின்பக்கம் துளைத்துத் தேனை எடுத்துக்கொள்ளும். மகரந்தம் ஒட்டாது, பூவுக்குக் காலணா லாபமில்லை. சுத்தத் திருட்டு! கிழிசல் புதிதாக இருந்தால் அந்த வேலியை விட்டு நகராதீர்கள்.

ஆண்களைப் பிரிப்பது சுலபம். தொண்டையும் மார்பும் கருநீலம், வயிறு மஞ்சள், மெல்லிய வளைந்த அலகு: இது ஒரு வகை. உடல் பருமன், தொண்டை பழுப்பு, அலகு தடித்து ஏறக்குறைய நேர், கண் சிவப்பு: இது இன்னொன்று, தென்னம்பூவில் அடிக்கடி பார்க்கலாம். திணறடிப்பவை பெண்கள்தான். இரண்டுக்கும் கீழே மஞ்சள், மேலே மங்கிய பச்சை. நான் அலகைப் பார்த்துவிட்டுக் கண்ணைப் பார்ப்பேன். கண்ணைச் சுற்றி உடைந்த மஞ்சள் வளையம் இருந்தால் அது பழுப்புத் தொண்டையின் ஜோடி. ஜெராம் தோய் அருவிப் பக்கம், காட்டோரத்தில் நின்றால் செந்தேன்சிட்டும் கண்ணில் படலாம்.

வீட்டுக்குப் பின்னால் வாழைத் தோப்பு இருந்தால் வாழைப்பூவை மறக்காதீர்கள். "சிக்" என்று வெடுக்கென ஒரு சத்தம், அடுத்த நொடி அம்புபோல் ஒன்று பாயும். அதன் அலகு தலையைவிட இருமடங்கு நீளமாகத் தெரியும். அதுதான் சிலந்திபிடிப்பான், தேன்சிட்டின் உறவு. வாழையிலையின் அடிப்பக்கத்தில் சிலந்தி நூலால் கூட்டைத் தைத்து வைத்திருக்கும். நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

தேன்சிட்டுக்கோ மனிதர் பக்கத்தில் இருப்பது பொருட்டே இல்லை. ஐந்தடி நடைபாதையின் கம்பியில், துணிக்கொடியில்கூட நாரும் சருகும் சேர்த்துக் கூட்டைத் தொங்கவிடும். வாசலுக்கு மேல் சிறு கூரைகூட வைக்கும். கூட்டருகே போய்ப் படமெடுக்க வேண்டாம். நாலெட்டு தள்ளி நாற்காலி போட்டு உட்காருங்கள், அதுவாக வந்து போகும். முட்டையிட்டுக் குஞ்சு பறக்க ஒரு மாதம்போல ஆகும். கொடிக்காரம்மாவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்: "அக்கா, இந்த மாசம் மட்டும் துணிய அந்தப் பக்கத்துக் கொடியில போடுங்களேன்."